சித்த மருத்துவப் பட்டமும் நம் குலத்துப் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் தாம்பரம் வட்டாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குத் தரப்பெற்ற தலைப்பு 'மருத்துவக் கல்வி' என்பதாகும். அது பெருங்கடல். அதனுள் முழுதும் நீந்த எமக்கு ஆற்றலும் இல்லை. உங்களுக்கு நேரமும் இல்லை. ஆதலின் நம் வாயிலண்டையிலேயே நடைபெறும் சித்த மருத்துவப் பட்டக் கல்வி ஒன்றையே எடுத்துக்கொண்டு, அதன்கண்ணும் இரண்டு வினாக்களையே எழுப்புவோம். அக்கல்விச்சாலைக்குள் புகுவோர் யாவர்? பட்டம் பெற்று வெளிப்போந்தோர் பின்னர் என்ன ஆயினர்? நம் சங்கத்தின் உபகாரச் சம்பள நிதியை எவ்வழியிற் செலவிடுவது என்னும் பிரேரணை அடுத்த பொதுக்கூட்டத்தின் முன் வரவிருக்கின்றது. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் அன்று கையுயர்த்துதல் ஆழம் அறியாமற் காலை விடுவதை ஒக்கும்.

மருத்துவர் என்பது நம் குலத்தின் பெயர். பெயர் மட்டும் அன்று, தொழிலும் அதுவே. கட்டியைக் கீறிப் புண்ணை ஆற்றியவர் நம் பாட்டனார். ஊரிற் பிறந்த மகவு எவ்வீட்டு மகவாயினும் முதன்முதல் ஏந்தியது நம் பாட்டியாரின் கையே. எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாய் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும், நம் ஆடவர் வைத்தியம் செய்தமையும் பெண்டிர் பிரசவம் பார்த்தமையும் குறிக்கப்பெற்றுள்ளன. அத்தொழிலுக்கு ஊரார் அளந்த கூலி சில மரக்கால் நெல்லும் ஒரு பழஞ்சேலையும். அளித்த மதிப்போ அதனினுஞ் சிறிது. பேற்றறைக்குள் வருந்தி அழைக்கப்பெற்றவள், மறுநாள் அவ்வீட்டுத் திண்ணையில் அமர இடம் பெற்றாளில்லை. இப்பழங்கதையை மனக்கசப்பை வளர்ப்பதற்காக யாம் எடுத்துரைக்கவில்லை. பின்னர்ச் சொல்லப்போகும் கணக்குக்கு இது முதற்கணக்கு, அதனாற் சொன்னோம்.

வைத்தியம் குலத்தொழிலாயிருந்த காலத்தில் நம்மிடம் இருந்தது. அது படிப்பாகிப் பட்டமாகிப் பெருமை பெற்ற காலத்தில் நம் கையினின்றும் நழுவத் தொடங்கிற்று. 1921-இல் சென்னை அரசாங்கத்தார் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை ஏற்படுத்திச் சுதேச வைத்திய முறைகளின் நிலையை ஆராயச் செய்தனர். அக்குழு 1923-இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய வைத்தியப் பள்ளி தோன்றிற்று. காப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைவராய் அமர்ந்தார். நற்செயலே, ஐயமில்லை. எனினும் அதன் வாயில் பள்ளிப் படிப்பும் ஆங்கிலப் பயிற்சியும் உடையார்க்கே திறந்தது. கைப்பழக்கம் ஒன்றையே முதலாகக் கொண்ட நம்மவர் வெளியே நின்றனர். அப்பள்ளி பின்னர்க் கல்லூரியாக உயர்ந்து, 1960-இல் மேலை மருத்துவத்துக்கே உரிய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறிற்று. சித்த மருத்துவத்துக்கென்று அரசாங்கக் கல்லூரி 1964-இல் பாளையங்கோட்டையிலும், பின்னர்ச் சென்னை அரும்பாக்கத்திலும் அமைந்தது.

சட்டமும் உடன் நடந்தது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் பட்டமில்லாத வைத்தியருள், முன்னரே பதிவு பெற்றிருந்தார்க்கும் சில ஆண்டு தொழில் நடத்தியிருந்தார்க்கும் மட்டும் இடங்கொடுத்தது. அவ்வாறு பதிவு பெற்ற பெரியோர் பெரும்பாலும் மறைந்தொழிந்தனர். கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், உரிய தகுதியும் பதிவும் இன்றிப் பரம்பரை ஒன்றையே காட்டி வைத்தியம் நடத்தலாகாது என்று தீர்த்துரைத்தது. 2020-இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் வந்தது. அதன்கீழும் பட்டமும் பதிவுமே திறவுகோல். இதனை அநீதி என்பார் நம்முள் பலர். எம் கருத்து அன்னதன்று. இரசமும் பாடாணமும் கையாளப்படும் கலை இது. சுத்திமுறை பிழைத்தால் மருந்தே நஞ்சாகும். ஆதலின் முறைப்படி பயின்றாரையே ஏற்போம் என்று அரசாங்கம் கூறுவதிற் குற்றங் காண்டற்கில்லை. நாம் கேட்க வேண்டுவது, அவ்வாறு பயில்வோருள் நம் பிள்ளைகள் எத்துணையர் என்பதே.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரே மருத்துவத்தால் வந்த பெயர். 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்பார் இங்கே காசநோயாளர்க்கு ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அவர் முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைச்சாரலில் இத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். கணிதமேதை இராமாநுஜன் நோயுற்றபோது சில காலம் அங்கே சிகிச்சை பெற்றனர். மேலை மருத்துவம் கற்ற அம்மருத்துவர் நம் நாட்டுப் பண்டை மருத்துவத்தைக் குறித்தும் நூல் எழுதியவர் என்பது பலர் அறியாத செய்தி. அவ்வூரிலேயே பின்னாளில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எழுந்து, 2005-இல் பிரதமர் மன்மோகன் சிங் அவர்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது பொருத்தமே. அந்நிறுவனத்து மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1845-இற் பிறந்து 1914-இல் மறைந்த பண்டிதர் சித்த வைத்தியத்தாற் பிழைத்துக்கொண்டே சாதிக்கொடுமையை எதிர்த்து எழுதியவர். அம்மருத்துவமனைக்குக் காலையிற் சென்று காண்மின்! சீட்டுப் பெற வரிசையில் நிற்போர் தொகை சிறு திருவிழாவை ஒக்கும். மூட்டுவாதத்தினரும் தோல்நோயினரும் செங்கற்பட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் மின்சார வண்டியில் வந்திறங்குகின்றனர். மக்கள் இம்மருத்துவத்தைக் கைவிட்டனர் என்று கூறுவார்க்கு அவ்வரிசையே விடை.

ஆனால் தாம்பரத்து நிறுவனம் மேற்பட்டத்துக்கு உரியது. பி.எஸ்.எம்.எஸ். முடித்தவர்களே அங்கே எம்.டி. பயிலச் சேர்கின்றனர். முதற்பட்டத்துக்கு நான்கரை யாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் வேண்டும், மேற்பட்டத்துக்கு மூன்றாண்டு. பதினெட்டு வயதிற் புகும் பிள்ளை இடையில் ஓராண்டும் வீணாக்காது படித்தாலும் இரண்டும் முடிக்கும்போது வயது இருபத்தாறு கடந்துவிடும். இஃது ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பெரிய பொறை என்பதைப் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற்பட்டத்துக்கு மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம் சித்த மருத்துவக் கல்லூரி உண்டு, அது தனியாருடையது.

முதல் வினாவுக்கு வருவோம். அரசாங்கக் கல்லூரிகளில், பாளையங்கோட்டையில் 100 இடமும் அரும்பாக்கத்தில் 60 இடமும் உள்ளன. ஆக 160. இவற்றுள் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, எஞ்சுவன 136. மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் சேர்த்து நூற்றுக்கு 20 என்னும் கணக்குப்படி நமக்குரிய பகுதி ஏறக்குறைய 27 இடங்கள். தனியார் கல்லூரிகள் விட்டுக்கொடுக்கும் அரசாங்க இடங்களும், பொதுப்போட்டியில் எவரும் பெறத்தக்க இடங்களும் இதற்குப் புறம்பு. இவ்விருபத்தேழை நோக்கி நிற்கும் குலங்களோ நூற்றுக்கு மேற்பட்டன. நிலமும் பணமும் தொகையும் உடைய குலமும் அதில் உண்டு. ஊருக்கு இரண்டு வீடாய்ச் சிதறிக் கிடக்கும் நம் குலமும் அதில் உண்டு. ஓரூரில் நம்மவர் ஐம்பது வீடு திரண்டிருத்தலைக் காண்டல் அரிது. எங்குந் தேவைப்பட்ட தொழிலாதலின் எங்கும் சிதறினோம். சிதறியவர்க்கு ஒரு பள்ளியுமில்லை, ஒரு விடுதியுமில்லை, வாக்குப்பெட்டியில் வலிமையுமில்லை.

தாம்பரத்து மேற்பட்டத்திலோ கணக்கு வேறு. அது மத்திய அரசாங்கத்து நிறுவனமாதலின் அங்கே 'மிகப் பிற்படுத்தப்பட்டோர்' என்னும் தனிப்பகுப்பே இல்லை. இதர பிற்படுத்தப்பட்டோர் என்னும் ஒரே குடையின்கீழ் நூற்றுக்கு 27. அக்குடையின்கீழ் நிழல் யார்மேல் விழுகின்றது என்பதை நீதிபதி ரோகிணி ஆணையம் ஆராய்ந்தது. மத்திய அரசாங்க வேலைகளிலும் கல்வியிடங்களிலும் அவ்வகுப்பார் பெற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கினை, அவ்வகுப்பிலுள்ள குலங்களுள் நான்கில் ஒரு பகுதியினரே பெற்றனர் என்பதும், 983 குலத்தார் ஓரிடமும் பெற்றிலர் என்பதும் 2018-இல் அவ்வாணையத்தின் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. இஃது இந்தியா முழுமைக்கும் பொருந்திய கணக்கு. தாம்பரத்துக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நம் சங்கம் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டுவதன் காரணம் இதனால் தெற்றென விளங்கும். வகுப்பின் பெயரால் ஒதுக்கீடு இருக்கின்றது என்பது ஒன்று; அது நம் வீடுவரை வந்து சேர்ந்தது என்பது மற்றொன்று.

இவ்விடத்தில் ஒரு நடைமுறைச் செய்தி. மாநிலச் சாதிச் சான்று ஒன்றை வைத்துக்கொண்டு மத்திய நிறுவனத்தில் இடங்கேட்டு ஏமாறிய பிள்ளைகளை யாம் அறிவோம். மத்திய அரசாங்கப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று காட்டும் தனிச்சான்று வேண்டும். அவ்வரம்பு 2017-இல் எட்டிலக்க ரூபாயாக உயர்த்தப்பெற்றது. தாசில்தார் அலுவலகத்துக்குக் கலந்தாய்வுக்கு முந்திய நாள் ஓடுவதிற் பயனில்லை.

அரசுப் பள்ளியிற் படித்த பிள்ளைகட்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மருத்துவத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் உணர்ந்தாரில்லை. எம்.பி.பி.எஸ். ஒன்றுக்கே அஃது உரியதென்று எண்ணி, நீட் தேர்வில் தகுதிபெற்ற பிள்ளையும் விண்ணப்பம் இடாமல் வீட்டிலிருக்கக் கண்டோம். நம்மவருள் பெரும்பாலோர் அரசுப் பள்ளியின் வழி வருபவர். நிதியிலிருந்து ஒரு ரூபாயும் செலவின்றிச் சங்கம் செய்யத்தக்க உதவி இதனை ஊர்தோறும் அறிவிப்பதே.

புகுவோரைப் பற்றிய இன்னொரு செய்தி எல்லார் கண்ணுக்கும் புலனாவது. சித்த மருத்துவ வகுப்பறையுள் பெண்மக்களே மிகுதி. பண்டிதர் என்றால் தாடியும் பட்டையுமாக ஓர் ஆடவரை நினைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாகலாம், எமக்கு வியப்பில்லை. ஊரின் பாதி வைத்தியம் என்றும் பெண்கையில்தான் இருந்தது. அதற்குப் பட்டம் இன்றுதான் கிடைத்தது.

இரண்டாம் வினா சிறிது கசப்பானது. பட்டம் பெற்றோர் எங்கே போயினர்?

முதலாவது, அரசாங்க உத்தியோகம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவுகள் உண்டு. உதவி மருத்துவ அலுவலர் பதவிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகின்றது. அவ்வாரியம் 2012-இல் ஏற்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர் உளர். ஆண்டுதோறும் தேர்வு இல்லை. அறிவிப்பு வருங்காறும் ஐந்தாறு ஆண்டு புத்தகத்தைக் கட்டிக்கொண்டு காத்திருப்போர் பலர். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தால் ஒப்பந்த முறையிற் பலர் அமர்த்தப்பெற்றனர். அப்பணியில் ஊதியம் தொகுப்பூதியம், நிலைப்பு இல்லை. மேற்பட்டம் பெற்றார் கல்லூரிகளில் ஆசிரியராகின்றனர். சிலர் 2010-இல் தனியே பிரிக்கப்பெற்ற மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுவில் இடம் பெறுகின்றனர். திருவான்மியூரில் 1944 முதல் நடைபெறும் 'இம்ப்காப்ஸ்' என்னும் வைத்தியர் கூட்டுறவு மருந்துச்சாலையைப் போன்ற இடங்கள் மருந்து செய்முறை அறிந்தார்க்கு வேலை தருவன. இடமெல்லாம் கூட்டினும் தேவைக்குப் போதா.

ஆதலின் பெரும்பாலோர்க்கு எஞ்சுவது சொந்த வைத்தியசாலை. இங்கேதான் பரம்பரையின் மெய்யான பொருள் வெளிப்படுகின்றது. தந்தையோ பாட்டனோ வைத்தியராயிருந்த வீட்டுப் பிள்ளை பட்டத்தோடு திரும்பினால், நாற்காலியும் நோயாளியும் முன்னரே காத்திருக்கின்றனர். தைலம் காய்ச்சும் அடுப்பும், சரக்குக் கடைக்காரனின் பழக்கமும், 'இன்னார் மகன்' என்னும் நம்பிக்கையும் கூடவே வருகின்றன. அவையில்லாப் பிள்ளை குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்து, முன்பணம் கட்டி, மருந்து வாங்கி அடுக்கி, பெயர்ப்பலகை மாட்டி, வாயிலை நோக்கியிருக்கின்றான். 2020-இல் பெருந்தொற்று வந்த காலத்தில் கபசுரக் குடிநீர் கேட்டு வாயிலில் நின்ற கூட்டம் தொற்று நீங்கியதும் மெலிந்தது. முதல் மூன்றாண்டு கடந்தவன் நிலைக்கின்றான். கடக்க இயலாதவன் ஏதேனும் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்குச் சிறுசம்பளத்தில் அமர்கின்றான். தான் கற்ற குணபாடத்துக்கும் நாடி நூலுக்கும் அங்கே இடமில்லை. ஐந்தரை யாண்டுப் படிப்பு அவ்வாறு கழிதலினும் பெரிய நட்டம் ஒரு குடும்பத்துக்கு வேறென்ன உண்டு?

இதிற் கவனிக்க வேண்டுவது ஒன்று. பரம்பரை வைத்தியம் நம் வீடுகளிற் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு முன்னரே நின்றுபோயிற்று. பட்டம் இல்லாத வைத்தியம் செல்லாது என்று அஞ்சித் தந்தையர் விட்டனர். மதிப்பில்லை என்று மக்கள் விட்டனர். ஆதலின் குலப்பெயரால் மருத்துவர் எனப்படும் நம் பிள்ளை, தொழிலுலகில் முதல் தலைமுறையாளனாகவே நிற்கின்றான். இரவல் நாற்காலியும் அவனுக்கில்லை.

பெண்மக்களைப் பற்றிய கணக்கு இன்னுங் கடினமானது. வகுப்பில் மிகுதியாயிருந்தோர் பெயர்ப்பலகைகளிற் குறைந்து காணப்படுவதேன்? தாய்மார்களே, நும்மையே கேட்கின்றோம். 'டாக்டர் பெண்' என்று சொல்லி மணம் பேசுகின்றோம். அழைப்பிதழிற் பெயருக்குப் பின் பட்டத்தை அச்சிடுகின்றோம். மணமான மறுமாதம், மாலை ஆறு மணிக்குமேல் வைத்தியசாலையில் இருத்தலாகாது என்கின்றோம். நோயாளி வருவது வேலை முடிந்து மாலையிலன்றோ? பிள்ளைப்பேற்றுக்குப் பின் 'இன்னும் ஓராண்டு போகட்டும்' என்று அவ்வாறே பத்தாண்டு போகின்றது. நம் பாட்டிமாரோ நள்ளிரவில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அயலூருக்கு நடந்தவர். பட்டமில்லாத பாட்டிக்கு இருந்த உரிமை பட்டம் பெற்ற பேர்த்திக்கு இல்லை என்பது எவ்வாறு முன்னேற்றமாகும்?

ஈண்டு ஒரு கிளைப்பேச்சு; பொறுத்தருள்க. செவிலியர் பட்டப் படிப்பு நான்காண்டு. அது முடித்தார்க்கு உள்நாட்டிலும், வளைகுடா நாடுகளிலும், பிரிட்டனிலும் வேலை விரைவிற் கிடைக்கின்றது. ஆயினும் நம்மவருட் சிலர், 'தாதி வேலை நமக்கு வேண்டா. பழைய தொழிலை நினைவூட்டும்' என்று முகஞ்சுளிக்கக் கேட்டோம். 2018-இல் மத்திய அரசாங்கம் பேறுகால மருத்துவத்துக்கெனச் செவிலியர்க்குப் பதினெட்டு மாதத் தனிப்பயிற்சி வகுத்து, இயல்பான பேற்றினை அவரே பொறுப்பேற்று நடத்த வழி செய்தது. நம் பாட்டியாரின் தொழிலுக்குத்தான் உலகம் இன்று இத்துணை மதிப்புத் தருகின்றது. அதனை விட்டு ஓடுவதாற் பெறும் கௌரவம் யாதோ யாம் அறியோம்.

மீண்டும் நிதிக்கு வருவோம். இப்போது சங்கம் பிள்ளை கல்லூரியிற் சேரும் ஆண்டில் ஒரு தொகை அளித்து, மேடையில் மாலையிட்டு, இவ்விதழிற் படம் அச்சிடுகின்றது. அத்தோடு நம் கடன் முடிகின்றது. யாம் வேண்டுவது, அத்தொகையைக் குறைத்தேனும் கடைசிப் பகுதிக்கு ஒதுக்குக என்பதே. பயிற்சியாண்டு முடிந்து மருத்துவக் கழகத்திற் பதிவு செய்யும் நாள் தொட்டு மூன்றாண்டு வரை, வைத்தியசாலை வாடகையின் ஒரு பகுதியை வட்டியில்லாக் கடனாகத் தருதல் வேண்டும். இருவர் மூவராய்ச் சேர்ந்து ஓரிடத்தில் நடத்துவார்க்கு, அதிலும் பெண்மக்கள் கூடி நடத்துவார்க்கு, முதலிடம் கொடுக்கலாம். ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குச் சென்றால் மற்றொருத்தி கதவைத் திறந்து வைப்பாளன்றோ? மேலும், நம் வீட்டுப் பரண்களில் உறங்கும் வைத்திய ஏடுகளை வெளியிற் கொணர்ந்து, படிக்கும் பிள்ளைகளின் முன் வைத்தலும் ஆகும். ஏடு எழுதிய கையும், அதனைப் படிக்கக் கற்ற கண்ணும் ஒரே குலத்தில் இருந்தும் சந்தியாமல் இருக்கின்றன.

இவற்றை முடிவு செய்யுமுன் கணக்கு வேண்டும். அதற்கெனச் செயலாளர் ஒரு படிவம் ஆயத்தம் செய்துள்ளார். இவ்விதழோடு அது வருகின்றது. சித்தம், மேலை மருத்துவம், செவிலியம், மருந்தியல் எதுவாயினும், நம் குலத்தில் பட்டம் பெற்றார் ஒவ்வொருவர் பெயரும், பட்டம் பெற்ற ஆண்டும், இன்று செய்யும் தொழிலும் அதில் எழுதப்படல் வேண்டும். தொழில் விட்டாராயின் எவ்வாண்டில், எக்காரணத்தால் என்பதையும் நாணாது குறிக்க. பல்லாவரம் முதல் ஊரப்பாக்கம் வரையுள்ள அன்பர்கள் படிவத்தைத் தாம்பரம் கிளைப் பொருளாளரிடமே சேர்ப்பிக்கலாம், அஞ்சற்செலவு மிச்சம். மகளின் பெயரை எழுதும் வீட்டார், பட்டம் பெற்ற மருமகளின் பெயரையும் விடாது எழுதுக.